வயிற்றுவலி வருவது எந்தத் தேதியில்? இடம் மாறி வளரும் எண்டோமெட்ரியோசிஸ் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் சிசேரியன் தழும்பின் இடது ஓரத்தில் ஒரு கட்டி இருந்தது. முதலில் கொண்டைக்கடலை அளவு, நான்கு வருடத்தில் நெல்லிக்காய் அளவு. தையல் நூல் உள்ளே தங்கிவிட்டது என்றார் ஒரு மருத்துவர். கொழுப்புக்கட்டி என்றார் இன்னொருவர். மூன்றாமவர் குடலிறக்கம் என்று சொல்லி அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தார். வெட்டி எடுத்ததைப் பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பிய பிறகுதான் எண்டோமெட்ரியோசிஸ் என்ற சொல்லே என் காதில் விழுந்தது.

அன்றிலிருந்து தெரிந்தவர்கள், தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று பலர் வாட்ஸ்அப்பில் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒரே பதிலைத் திரும்பத் திரும்பத் தட்டி விரல் தேய்ந்துவிட்டது. அதனால் எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன். நான் மருத்துவர் இல்லை, சிங்கப்பூரில் ஒரு நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறவள். மருத்துவரிடம் என்ன சொல்வது, என்ன கேட்பது என்பதற்கு இது உதவும். மருந்தை நீங்களே முடிவு செய்ய அல்ல.

எண்டோமெட்ரியோசிஸ் என்றால் என்ன? அது கர்ப்பப்பை நோய்தானே?

கர்ப்பப்பையோடு தொடர்புடையதுதான், ஆனால் இருப்பது கர்ப்பப்பைக்கு வெளியே. கர்ப்பப்பையின் உட்பக்கத்தில் ஒரு படலம் மாதந்தோறும் தடித்து, கரு தங்காவிட்டால் உதிர்ந்து ரத்தமாக வெளியேறுகிறது. அதைப் போன்ற திசு வேறு இடத்தில் வளர்வதுதான் எண்டோமெட்ரியோசிஸ். சினைப்பை, கர்ப்பப்பையின் பின்புறம், அதைத் தாங்கும் தசைநார்கள் ஆகியவை வழக்கமான இடங்கள். சினைப்பையில் பழைய ரத்தம் தேங்கிக் கட்டியானால் 'சாக்லேட் கட்டி' என்கிறார்கள். உள்ளே இருப்பது அந்த நிறத்தில் இருக்குமாம். யார் பெயர் வைத்தார்களோ, அதைக் கேட்ட பிறகு ஒரு வாரம் எனக்கு மைலோ இறங்கவில்லை.

எங்கே வளர்ந்தாலும் அந்தத் திசு ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் சொல்வதைத்தான் கேட்கும். மாதவிடாய் வரும் நாளில் அதுவும் வீங்கும், கசியும். கசிந்தது வெளியேறத்தான் வழி இருக்காது. அதனால் சுற்றியுள்ள இடம் புண்ணாகி, தழும்பேறி, பக்கத்து உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

அரிய நோய் என்று நினைத்துவிடாதீர்கள். குழந்தை பெறும் வயதில் உள்ள பெண்களில் ஏறத்தாழ 10 சதவீதம், அதாவது உலகில் சுமார் 19 கோடிப் பேருக்கு இது இருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. அரிது என்றால் அது இடம்தான். குடல், தொப்புள், தழும்பு, உதரவிதானம் (நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே உள்ள தசைத் தடுப்பு) போன்ற இடங்களில் வந்தால் அந்த இடத்துக்கே உரிய வேறொரு நோயின் முகத்தோடு வருகிறது. குழப்பம் அங்கேதான் ஆரம்பம்.

கர்ப்பப்பைத் திசு குடலுக்கும் தொப்புளுக்கும் எப்படிப் போகிறது?

அமெரிக்க மருத்துவர் ஜான் சாம்ப்சன் 1927ல் சொன்ன விளக்கம்தான் இன்னும் அதிகம் பேசப்படுகிறது. மாதவிடாய் ரத்தத்தில் ஒரு பகுதி கீழே வராமல் கருக்குழாய் வழியாகப் பின்னோக்கி வயிற்றுக்குள் போகிறது, அதிலுள்ள திசு அங்கே ஒட்டி வேர் பிடிக்கிறது என்றார் அவர். சிக்கல் என்னவென்றால், ரத்தம் அப்படிப் பின்னோக்கிப் போவது பெரும்பாலான பெண்களுக்கு நடக்கிறது. நோய் வருவதோ சிலருக்கு மட்டும். எனவே நோய் எதிர்ப்புச் சக்தி, மரபணு எல்லாவற்றுக்கும் பங்கு இருக்கிறது என்கிறார்கள்.

தழும்பில் வருவதற்கு நேரடியான காரணம் உண்டு: சிசேரியன் செய்யும்போது திசுத் துணுக்கு வயிற்றுச் சுவரில் ஒட்டிக்கொள்கிறது. நாற்றை ஓரிடத்தில் பிடுங்கி இன்னோரிடத்தில் நட்ட மாதிரி. நுரையீரல் போன்ற தூர இடங்களுக்கு ரத்தக்குழாய், நிணநீர்க் குழாய் வழியாகப் போகலாம் என்பது இன்னொரு விளக்கம். வயிற்றின் உள்ளுறையே அப்படித் திசுவாக மாறிவிடுகிறது என்பதும் ஒன்று. புரோஸ்டேட் புற்றுநோய்க்காக ஈஸ்ட்ரோஜன் சிகிச்சை எடுத்த ஆண்கள் ஒருசிலருக்குக்கூட இது வந்திருக்கிறது. இதைச் சொன்னதும் என் கணவர் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும்.

சிசேரியன் தழும்புப் பக்கத்தில் கட்டி இருக்கிறது. அதுவா இது?

இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். சிசேரியன் செய்தவர்களில் நூற்றில் ஒருவருக்கும் குறைவாகவே இது வருகிறது. தழும்போரக் கட்டி குடலிறக்கமாக, கொழுப்புக்கட்டியாக, நூலைச் சுற்றி உண்டான முடிச்சாக, சீழ்க்கட்டியாக, அரிதாக வேறு திசுக்கட்டியாக இருக்கலாம். எனவே என் மூன்று மருத்துவர்களும் கற்பனை செய்து சொல்லவில்லை. அவர்கள் சொன்ன எல்லாமே நடக்கக்கூடியவைதான். ஆனால் மூவரில் ஒருவரும் 'எந்தத் தேதியில் வலிக்கிறது' என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. தழும்புக்கும் மாதவிடாய்க்கும் என்ன சம்பந்தம் என்று இருந்துவிட்டேன்.

பரிசோதனை முடிவு வந்த இரவு ஒரு வேலை செய்தேன். அலுவலகக் கணினி அமைப்பில் என் மருத்துவ விடுப்புத் தேதிகள் எல்லாம் இருக்கும். இரண்டு வருடத்தில் 11 எம்சி. சமையலறைக் காலண்டரில் விலக்கு நாளுக்கு நான் சிவப்புப் புள்ளி வைப்பது வழக்கம், பழைய காலண்டரையும் அம்மா தூக்கிப் போடவில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வங்கிக் கணக்கைச் சரிபார்ப்பது போல வரிசையாக டிக் அடித்தேன். 11ல் 9 எம்சி மாதவிடாயின் முதல் மூன்று நாளுக்குள். மிச்சம் இரண்டில் ஒன்று பல்வலி. எல்லாம் என் சமையலறைச் சுவரிலேயே தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

குடலிறக்கத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம்: குடலிறக்கம் பொதுவாக இருமினால், முக்கினால் பிதுங்கும், படுத்தால் உள்ளே போகும். என் கட்டி அப்படி இல்லை. எப்போதும் கெட்டியாக, இருந்த இடத்திலேயே இருந்தது. மாதத்தில் நான்கு நாள் மட்டும் புடவைக் கொசுவம் பட்டால்கூட உயிர் போனது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். எல்லாருக்கும் இப்படி மாதக் கணக்கு துல்லியமாகத் தெரியாது. நாள் பார்க்காமல் தொடர்ந்து வலிப்பவர்களும் உண்டு. அல்ட்ராசவுண்ட், தேவைப்பட்டால் எம்ஆர்ஐ எடுத்து ஆழம் பார்ப்பார்கள். சிகிச்சை பெரும்பாலும் வெட்டி எடுப்பதுதான். சுற்றி ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் நல்ல திசுவையும் சேர்த்து எடுப்பார்கள், மிச்சம் விட்டால் திரும்ப வளரும். பள்ளம் பெரிதானால் உள்ளே வலை வைத்துத் தைப்பார்கள்.

குடல்வால் என்று சந்தேகப்பட்டு ஆபரேஷன் செய்தார்கள். பிறகு எண்டோமெட்ரியோசிஸ் என்கிறார்கள். தப்பான ஆபரேஷனா?

இல்லை. குடல்வாலிலேயே எண்டோமெட்ரியோசிஸ் வளரலாம். அது வீங்கி அடைத்துக்கொண்டால் உண்மையான குடல்வால் அழற்சியே வரும். வலது அடிவயிற்று வலி, வாந்தி, காய்ச்சல் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். அவசரச் சிகிச்சைப் பிரிவில் நடுராத்திரி இரண்டையும் பிரித்துப் பார்க்க எளிய வழி கிடையாது. குடல்வால் வெடித்துவிடும் என்ற பயம் இருக்கும்போது எடுப்பதுதான் சரி. எடுத்ததை நுண்ணோக்கியில் பார்க்கும்போது தெரியவரும்.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று. ஆய்வக அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குங்கள். அதில் அந்தச் சொல் இருந்தால் மகப்பேறு, மகளிர் நோய் மருத்துவரைப் பார்க்க ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். குடல்வாலில் இருந்தால் இடுப்புக்குள் வேறு இடத்திலும் இருக்க வாய்ப்புண்டு. 'ஆபரேஷன் முடிந்தது, சரியாகிவிட்டது' என்று அறிக்கையைக் கோப்பில் போட்டு மூடிவிட்டால் அதே வலி வேறு பெயரில் திரும்ப வரும்.

எனக்கு ஐபிஎஸ் (எரிச்சல் குடல் நோய்) என்று பல வருடமாக மருந்து கொடுக்கிறார்கள். குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் கொலனோஸ்கோப்பியும் சுத்தமாக இருந்தது. இன்னும் சந்தேகப்படலாமா?

அதிகம் வரும் கேள்வி இது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

குடலில் வரும் எண்டோமெட்ரியோசிஸில் பெரும்பாலானவை மலக்குடலிலும் அதற்கு மேலுள்ள வளைந்த பெருங்குடலிலும் வருகின்றன. மலம் கழிக்கும்போது குத்தல், வயிறு உப்புசம், ஒரு வாரம் மலச்சிக்கல், அடுத்த வாரம் பேதி என்று இருக்கும். ஐபிஎஸ்ஸுக்கும் இதே அறிகுறிகள்தான். மாதவிடாய் நேரத்தில் குடல் தொந்தரவு கூடுவது ஐபிஎஸ் உள்ள பெண்களுக்கும் நடக்கும், ஆகவே தேதியை மட்டும் வைத்து முடிவுக்கு வர முடியாது. இரண்டும் சேர்ந்தே இருப்பவர்களும் உண்டு. ஆனால் மாதவிடாய் நாட்களில் மலம் கழிக்கும்போது கத்தியால் கீறுவது போல வலி, தாம்பத்திய உறவின்போது ஆழத்தில் வலி, அந்த நாட்களில் மட்டும் மலத்தில் ரத்தம், குழந்தை தங்காமை ஆகியவற்றில் ஒன்றிரண்டு சேர்ந்து வந்தால் கேட்டே ஆக வேண்டும்.

கொலனோஸ்கோப்பி ஏன் சுத்தமாக இருக்கிறது? அந்தக் குழாய் குடலின் உள்பக்கத்தை மட்டும் பார்க்கிறது. எண்டோமெட்ரியோசிஸ் வெளிப்பக்கத்திலிருந்து உள்ளே துளைத்துக்கொண்டு வருவது. உட்சுவரை அது எட்டுவது குறைவு. வீவக அடுக்குமாடி வீட்டில் மேல்மாடிக் குழாய் கசிந்து நம் வீட்டுக் கூரை ஊறிக்கொண்டிருக்கும், உள்ளே நின்று பார்த்தால் பெயின்ட் பளபளவென்று இருக்கும். அப்படித்தான் இதுவும். கொலனோஸ்கோப்பி வீண் என்று சொல்லவில்லை. மலத்தில் ரத்தம் என்றால் குடல் புற்றுநோய் இல்லை என்று உறுதி செய்ய அது கட்டாயம் வேண்டும். 'சுத்தம்' என்ற முடிவு எண்டோமெட்ரியோசிஸ் இல்லை என்பதற்குச் சான்று ஆகாது, அவ்வளவுதான்.

சிறுகுடலின் கடைசிப் பகுதியில் வளர்ந்து குடலை இறுக்கி அடைத்துவிடுவதும் அரிதாக நடக்கிறது. வயிறு ஊதி, வாந்தி எடுத்து, வாயுகூடப் பிரியவில்லை என்றால் காத்திருக்காமல் ஆம்புலன்சுக்கு 995 அழையுங்கள்.

மாதாமாதம் சிறுநீர்த் தொற்று வருகிறது. ஆண்டிபயாட்டிக் போட்டால் நான்கைந்து நாளில் சரியாகிறது. இது?

நான்கைந்து நாளில் மாதவிடாயும் முடிந்துவிடுகிறது அல்லவா? அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் சிறுநீரைக் கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்பினார்களா, அதில் கிருமி வளர்ந்ததா என்று கேளுங்கள். எரிச்சல் இருக்கிறது, அடிக்கடி போக வேண்டியிருக்கிறது, ஆனால் கிருமி எதுவும் இல்லை, தேதியும் பொருந்துகிறது என்றால் சிறுநீர்ப்பைச் சுவரில் எண்டோமெட்ரியோசிஸ் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லலாம்.

சிறுநீர்ப்பையைவிட எனக்குப் பயம் தருவது சிறுநீரகத்திலிருந்து இறங்கும் குழாய். அதைச் சுற்றி வளர்ந்து மெதுவாக நெரித்துவிட்டால், மேலே சிறுநீர் தேங்கிச் சிறுநீரகம் வீங்கும். பலருக்கு வலியே இருக்காது. வலி இல்லாமலே ஒரு சிறுநீரகம் கெட்டுப்போகலாம். ஆழமான எண்டோமெட்ரியோசிஸ் இருப்பதாக ஏற்கெனவே தெரிந்தவர்கள் 'சிறுநீரகத்தையும் ஸ்கேன் பண்ணினீங்களா டாக்டர்?' என்று கேளுங்கள். சில நிமிட வேலை.

தொப்புளில் ரத்தம் வருமா? தொடை இடுக்கில் கட்டி?

இரண்டும் உண்டு. தொப்புளில் கருநீலமான சின்ன முடிச்சு தோன்றி மாதவிடாயின்போது வலித்து, சில சமயம் ரத்தம் கசியும். பிரெஞ்சு மருத்துவர் வில்லார் 1886ல் விவரித்ததால் அவர் பெயரிலேயே 'வில்லார் முடிச்சு' என்பார்கள். வயிற்றில் ஒரு கீறல்கூட இல்லாதவர்களுக்கும் வரும். தொடை இடுக்கில் வருவது பெரும்பாலும் வலப்பக்கம், பார்ப்பதற்குக் குடலிறக்கம் மாதிரியே இருக்கும். இரண்டையும் வெட்டி எடுத்துப் பரிசோதிப்பார்கள்.

தோள்பட்டை வலிக்கும் வயிற்றுக்கும் என்ன சம்பந்தம்?

உதரவிதானத்துக்குப் போகும் நரம்பு கழுத்திலிருந்து இறங்குகிறது. உதரவிதானம் உறுத்தப்பட்டால் மூளை அதைத் தோள்பட்டை வலியாக எடுத்துக்கொள்ளும். வயிற்றுக்குள் உள்ள நீர் வலப்பக்கமாக மேலேறுவதால், உதரவிதானத்தில் வரும் எண்டோமெட்ரியோசிஸ் பெரும்பாலும் வலது பக்கம். வலது விலாவின் அடியில் குத்தினால் பித்தப்பைக் கல் என்றும், தோள் வலித்தால் கணினி முன் உட்கார்ந்த வலி என்றும் நினைப்போம். பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். மாதவிடாயோடு சேர்ந்தே வந்து சேர்ந்தே போனால் மட்டும் யோசியுங்கள். திடீரென்று நெஞ்சு குத்தி மூச்சு வாங்கினால் யோசிக்கவே வேண்டாம், அவசரப் பிரிவுக்குப் போங்கள். மாதவிடாய் ஆரம்பித்த ஒன்றிரண்டு நாளில் நுரையீரல் சுருங்கிப்போவதும் இந்த நோயில் உண்டு.

வயிற்றில் நீர் கோத்திருக்கிறது, சிஏ 125 கூடியிருக்கிறது. புற்றுநோய் என்று பயமாக இருக்கிறது.

இந்தக் கேள்வியைக் கேட்ட அக்கா ஃபேரர் பார்க் எம்ஆர்டி ரயில் நிலையப் படிக்கட்டில் நின்றபடியே அழுதார். அதனால் நிதானமாகவே எழுதுகிறேன்.

சிஏ 125 என்பது ரத்தத்தில் உள்ள ஒரு புரதம். வழக்கமாக 35க்குக் கீழே இருக்க வேண்டும் என்பார்கள். சினைப்பைப் புற்றுநோயில் அது கூடும் என்பது உண்மை. எண்டோமெட்ரியோசிஸிலும் கூடும், வயிற்றுக் காசநோயிலும் கூடும், கர்ப்பத்திலும் கூடும், மாதவிடாய் நாளில் ரத்தம் எடுத்தாலே கொஞ்சம் ஏறும். வயிற்றின் உள்ளுறையில் ஏற்படும் எந்த உறுத்தலும் அதை ஏற்றிவிடும். அந்த எண்ணை மட்டும் பார்த்து எந்த மருத்துவரும் புற்றுநோய் என்று சொல்லமாட்டார், நீங்களும் சொல்லிக்கொள்ள வேண்டாம்.

வயிறு நிறைய ரத்தம் கலந்த நீர் கோக்கும் எண்டோமெட்ரியோசிஸ் மிக அரிது, ஆனால் உண்டு. எடை குறைந்து, வயிறு வீங்கி, சிஏ 125 ஏறி வரும் இளம் பெண்ணைப் பார்த்ததும் மருத்துவர்கள் புற்றுநோய், காசநோய் இரண்டையும்தான் முதலில் நினைப்பார்கள், நினைக்கவும் வேண்டும். ஊரில் யாருக்காவது டிபி வந்திருந்தால், அண்மையில் அவர்களோடு தங்கியிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். நம்மவர்கள் இதைச் சொல்லக் கூச்சப்படுகிறார்கள், 'அது அப்பவே சரியாயிடுச்சு' என்று விட்டுவிடுகிறார்கள். கோத்த நீரை ஊசியால் எடுத்துச் சோதிப்பார்கள், தேவைப்பட்டால் சிறு துளையிட்டுக் கேமரா வழியாகப் பார்த்துத் திசு எடுப்பார்கள். அந்தத் திசுவின் முடிவு வரும்வரை இணையத்தில் தேடாதீர்கள். அந்த அக்காவுக்கு நான் சொன்னதும் இதுதான், அவர் கேட்கவில்லை, இரவு முழுக்கத் தேடினார்.

எண்டோமெட்ரியோசிஸ் இருந்தால் அது புற்றுநோய் ஆகிவிடுமா என்று அடுத்துக் கேட்பீர்கள். மிகச் சிலருக்குத்தான். பெரும்பாலோருக்கு ஆவதில்லை.

ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்கிறார்கள். அப்படியென்றால் இல்லைதானே?

வயிற்றின் மேல் ஜெல் தடவி எடுக்கும் சாதாரண ஸ்கேனில் சாக்லேட் கட்டி தெரியும், குடல் ஓரத்தில் உள்ள சின்னப் படிவுகள் பெரும்பாலும் தெரியாது. பெண்ணுறுப்பு வழியாக எடுக்கும் ஸ்கேன் இன்னும் நன்றாகக் காட்டும், அதுவும் இந்த நோயைத் தேடிப் பழகிய கை எடுத்தால். திருமணமாகாத பெண்கள் அந்த ஸ்கேனுக்குத் தயங்கினால் வெளிப்படையாகச் சொல்லலாம், எம்ஆர்ஐ போன்ற மாற்று உண்டு. உங்கள் சம்மதம் இல்லாமல் எடுக்கமாட்டார்கள்.

முன்பெல்லாம் லேப்ராஸ்கோப்பி, அதாவது வயிற்றில் சிறு துளையிட்டுக் கேமரா விட்டு, கண்ணால் பார்த்தால்தான் உறுதி என்பார்கள். 2022ல் வந்த ஐரோப்பிய வழிகாட்டி அதை மாற்றிவிட்டது. ஸ்கேனில் தெரியாமலோ மருந்து கேட்காமலோ இருப்பவர்களுக்கு மட்டும் லேப்ராஸ்கோப்பி செய்து பார்க்கலாம், மற்றவர்களுக்கு நேராகச் சிகிச்சையைத் தொடங்கலாம் என்கிறது. ஸ்கேன் சுத்தமாக இருப்பதால் நோய் இல்லை என்று முடிவு கட்டக்கூடாது என்பதும் அதில் இருக்கிறது.

சிங்கப்பூரில் எங்கே போவது? செலவு?

அரசாங்கத்தின் பலதுறை மருந்தகத்தில் தொடங்குங்கள். அங்கிருந்து பரிந்துரைக் கடிதம் வாங்கிப் போனால் அரசாங்க மருத்துவமனை நிபுணரை மானியக் கட்டணத்தில் பார்க்க முடியும். நேராகத் தனியார் நிபுணரிடம் போனால் காத்திருப்பு குறைவு, கட்டணம் வேறு. கேகே மகளிர், சிறார் மருத்துவமனையைத் தெரியாத தமிழர் இங்கே இருக்கமுடியாது. கேகே என்பதன் விரிவு காண்டாங் கெர்பாவ், மலாயில் எருமைத் தொழுவம் என்று பொருள், தேக்கா பக்கம் மாடு கட்டிய காலத்துப் பெயர். என் அம்மா பிறந்ததும் பழைய கட்டடத்தில்தான். என்யுஎச் (தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனை), எஸ்ஜிஎச் (சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனை) ஆகியவற்றிலும் மகளிர் நோய்ப் பிரிவு உண்டு. குடல் அல்லது சிறுநீர்க் குழாயில் நோய் என்றால் மகளிர் நோய் மருத்துவரோடு குடல் அறுவை நிபுணரும் சிறுநீரக அறுவை நிபுணரும் சேர்ந்து செய்ய வேண்டியிருக்கும், அப்படிச் செய்யும் இடமா என்று கேளுங்கள்.

அறுவை சிகிச்சைக்கு மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்கைப் பயன்படுத்தலாம், கணவர் அல்லது பெற்றோர் கணக்கிலிருந்தும் எடுக்கலாம். குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மெடிஷீல்டு லைஃப் என்ற அடிப்படை மருத்துவக் காப்புறுதி உண்டு. சார்ந்திருப்போர் அட்டையில் வந்திருக்கும் தங்கைகளுக்குத்தான் சிரமம், அவர்களுக்கு அந்தக் காப்புறுதி இல்லை. கணவர் வேலையிடத்துக் காப்புறுதியில் மனைவிக்கு இடமிருக்கிறதா என்று வலி வருவதற்கு முன்பே பார்த்துவையுங்கள்.

மருத்துவரிடம் என்ன சொல்ல வேண்டும்? பத்து நிமிடம்தான் கிடைக்கிறது.

மூன்று மாதக் கணக்கு எழுதிக்கொண்டு போங்கள். செயலி வேண்டாம், காலண்டர் போதும். விலக்கு ஆரம்பித்த நாள், வலித்த நாள், எங்கே வலித்தது, பத்துக்கு எத்தனை, எத்தனை மாத்திரை, வேலைக்குப் போக முடிந்ததா. மலம், சிறுநீர் கழிக்கும்போது வலித்தால் அதையும் எழுதுங்கள். வாயால் சொல்லக் கூச்சமாக இருந்தால் தாளை நீட்டிவிடலாம். 'வயிறு வலிக்குது டாக்டர்' என்று மட்டும் சொன்னால் இரைப்பை மருந்தோடு திரும்பி வருவோம். 'ஆறு மாதமாக, விலக்கு வந்த முதல் நாளிலிருந்து மூன்றாம் நாள் வரை, இந்த இடத்தில்' என்று விரல் வைத்துக் காட்டினால் பேச்சே வேறு பக்கம் போகும். சிசேரியன், குடல்வால் என்று பழைய அறுவை எல்லாவற்றையும் சொல்லுங்கள்.

திடீர்க் கடும் வலி, காய்ச்சல், மயக்கம், நாள் தள்ளிப்போன பிறகு வரும் வலி ஆகியவற்றுக்குக் காலண்டர் எழுதிக்கொண்டிருக்காதீர்கள், உடனே கிளம்புங்கள். கருக்குழாயில் கரு தங்கியிருந்தால் உயிருக்கே ஆபத்து.

கருத்தடை மாத்திரை தருகிறார்கள். கல்யாணமாகாத பெண்ணுக்கு அதைக் கொடுக்கலாமா?

இது தாய்மார்கள் கேட்பது, மகள்கள் கேட்பதில்லை. அதை இங்கே கொடுப்பது சுழற்சியை அடக்கி, அந்தத் திசுவைப் பட்டினி போட. பிற்காலத்தில் குழந்தை பிறக்காது என்ற பயத்துக்கு ஆதாரம் இல்லை, நிறுத்தினால் சுழற்சி திரும்பிவிடும். மாத்திரையின் பெயர்தான் சங்கடம், டப்பாவை வேறு பெட்டியில் போட்டு வையுங்கள்.

வலிக்குப் போன்ஸ்டான் போன்ற வலி மாத்திரைகள், சாப்பிட்ட பிறகு. அடுத்து கூட்டு ஹார்மோன் மாத்திரை, அல்லது தினம் 2 மில்லிகிராம் டையனோஜெஸ்ட் என்ற ஹார்மோன் மாத்திரை, அல்லது கருப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சுரக்கும் சாதனம். டையனோஜெஸ்ட் ஆரம்பித்த மாதங்களில் சொட்டுச் சொட்டாக ரத்தம் படலாம், அதைக் கருத்தடையாக நம்பவும் கூடாது. இவை நோயை அடக்கிவைக்கும், வேரோடு எடுக்காது. குடல் அடைப்பு, சிறுநீர்க் குழாய் நெரிசல், தழும்புக்கட்டி, மருந்து கேட்காத வலி என்றால் அறுவை. அதன் பிறகும் திரும்ப வரலாம், ஆகவே மருந்தைத் தொடரச் சொல்வார்கள்.

கல்யாணம் ஆனால், ஒரு பிள்ளை பெற்றால் சரியாகிவிடும் என்கிறார்களே?

எனக்குப் பிள்ளை பெற்ற தழும்பில்தான் வந்தது. கர்ப்ப காலத்தில் சிலருக்கு வலி அடங்கும், பிறகு திரும்பும். அதைச் சிகிச்சை என்று சொல்லி ஒரு பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பது அநியாயம்.

மாதவிடாய் நின்ற பிறகு?

பெரும்பாலும் அடங்கும். ஹார்மோன் சிகிச்சை எடுப்பவர்களுக்குத் திரும்பலாம். நின்ற பிறகு புதிதாகக் கட்டியோ ரத்தமோ வந்தால் 'பழைய நோய்தான்' என்று விடாமல் காட்டுங்கள்.

பத்தியம் உண்டா? குளிர்ச்சியானது சாப்பிடலாமா?

இன்னது சாப்பிட்டதால் வந்தது, இன்னது விட்டால் போகும் என்று சொல்லும்படி எதுவும் இல்லை. குடல் தொந்தரவு இருப்பவர்கள் தங்களுக்கு உப்புசம் தருவதைக் குறைத்துக்கொள்ளலாம். நான் எல்லாம் சாப்பிடுகிறேன். அம்மா மட்டும் இன்னும் அந்த மூன்று நாள் என்னை ஐஸ் கச்சாங் கடைப் பக்கம் விடுவதில்லை. கட்டி எடுத்தாகிவிட்டது அம்மா என்றால், 'அது எடுத்தாச்சு, நீ இருக்கியே' என்கிறார்.